இணைச்சீர்ப் பட்டு

குறிச்சிமேட்டில் அந்த ஐப்பசியில் புழுக்களுக்கு வர வேண்டிய பட்டு மனிதர்களுக்கு வந்தது. இதைச் சொன்னால் உடுமலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு வரவில்லை, அதனால் சிரிக்கிறார்கள். தக்காளியையும் கரும்பையும் கைகழுவிவிட்டு ஊரே மல்பெரிக்கு மாறி, வீட்டுக்கு வீடு புழுமனை கட்டியிருந்த காலம் அது. நான்காம் தோலை உரித்து எழுந்து, கொண்டுவந்து போட்ட மல்பெரித் தண்டையெல்லாம் தின்று தீர்த்து, உடம்பு தெளிந்து பழுத்துப்போன புழுக்களைப் பொறுக்கி, அவை கூடு கட்டுவதற்கென்று இருக்கும் மூங்கில் தட்டான சந்திரிகையில் எல்லா வீட்டிலும் விட்டார்கள். புழுக்கள் வழக்கம்போலத் தலையைத் தூக்கின, இடமும் வலமுமாக ஆட்டின, ஆனால் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெறும் தலையை ஆட்டி ஆட்டி ஓய்ந்து, கூடில்லாமல் அம்மணமாகவே கூட்டுப்புழு ஆயின. அவை தலையாட்டத் தொடங்கிய அதே காலையில் டீக்கடை ராக்கியப்பன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவருடைய இடது காது மடலிலிருந்து ஒரு நூல் இறங்கியது.

சிலந்தி என்று நினைத்து அவர் தட்டிவிட்டார், அது போகவில்லை, பிடித்து இழுத்தார், இழுக்க இழுக்க வந்தது, வலிக்கவில்லை, கொஞ்சம் கூசியது, காரணமில்லாமல் கண் கலங்கியது. அவருடைய மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குக் கோயமுத்தூர் போனவள், பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்னும் திரும்பும் பேச்சை எடுக்காதவள். வீட்டில் இருந்த காலத்தில் விடியற்காலையில் அந்தக் காதைத் திருகித்தான் அவரை எழுப்புவாள். முதல் டீக்கு வந்து உட்கார்ந்த பெரியநாயகம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவருக்கும் விரல் இடுக்குகளில், அந்தக் காலத்தில் நோட்டுகளை நீளவாக்கில் மடித்துச் செருகிவைத்த அதே இடுக்குகளில், நாலு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் டீ கிளாசை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் கவலைப்பட்டார்.

உச்சிப்பொழுதுக்குள் ஊர் முழுக்க நூல் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த தாரணிக்கு வலது மணிக்கட்டில் வந்தது, அவள் புருஷன் கத்தாருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கரைச்சாமி கோயில் பூசாரி சின்னமுத்துவுக்கு நடு வயிற்றில் வந்தது. பூசாரிப் பட்டம் கட்டியதிலிருந்து கவிச்சி தொடாத மனிதர், அவர் யாரை நினைத்து ஏங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை, கோழிக் குழம்பைத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நாட்ராயனுக்கு வலது உள்ளங்காலில் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டியவர், அந்தக் கால் பிரேக்கை மிதித்த கால். நினைப்பு உடம்பில் எந்த இடத்தில் குடியிருக்கிறதோ அந்த இடத்தில் நூல் வருகிறது என்று ஊர் தானாகவே புரிந்துகொண்டது, இதற்குக் கூட்டம் போடவில்லை, மைக் வைக்கவில்லை.

புரிந்துகொண்டதும் ஊருக்கு ஒரு நாகரிகமும் வந்துவிட்டது. நூல் தொங்குகிறவரிடம் யாரை நினைத்து என்று கேட்கக் கூடாது, எவத்த என்று மட்டும் கேட்கலாம். எவத்த என்றால் எங்கள் பக்கத்தில் எந்த இடம் என்று அர்த்தம். இடத்தைச் சொன்னால் கேட்டவர் தலையாட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா நூல் வெட்டக் கத்தரிக்கோல் ஒன்றை மேசைமேல் வைத்தார். சம்பந்தம் பேச வந்தவர்கள் ஜாதகத்தோடு பெண்ணுக்கு எவத்த என்பதையும் ஜாடையாக விசாரித்தார்கள், பெண் வீட்டார் கூசாமல் திருநீறு பூசற நெத்தியிலதானுங்க என்று பொய் சொன்னார்கள். மார்கழிக்குள் எவத்த என்பது சாப்பிட்டாச்சா என்பதைப் போல ஒரு சாதாரண விசாரிப்பாகிவிட்டது.

மயிலாத்தாளுக்கு மட்டும் வரவில்லை. நாட்ராயனின் மனைவி, ஊரில் புழுவை அவளைப்போலப் பொறுமையாகப் பார்க்கிற ஆள் கிடையாது, காலையில் எழுந்ததும் கையைத் தடவிப் பார்ப்பாள், கழுத்தைத் தடவிப் பார்ப்பாள், சீப்பில் வந்த முடியைக்கூட வெளிச்சத்தில் பிடித்து நூலா என்று பார்ப்பாள். குழாயடியில் எவத்த மயிலாத்தா என்று கேட்டால், எனக்கு இன்னும் இல்லீங்க என்பாள், கேட்டவர்கள் குடத்தைப் பார்த்துக்கொள்வார்கள். முதுகுக்குப் பின்னால் நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று பேசினார்கள். அவள் தம்பியைப் போகவிட்ட விதத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டினார்கள்.

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து நிற்க வேண்டும்; மணப்பெண் உடுத்தப்போகும் கூறைப் பட்டின் ஒரு தலைப்பு மாப்பிள்ளை கையில் இருக்கும், மறுதலைப்பு கூடப்பிறந்தவள் கையில் இருக்கும். புதிதாக ஒருத்தி வருகிறாள், அதற்காகப் பழைய ஒருத்தி விட்டுப்போகவில்லை என்று அந்தப் பட்டு சொல்லும். மயிலாத்தாளின் தம்பி திருமூர்த்தி தாயில்லாமல் அவள் இடுப்பில் வளர்ந்தவன். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில் ரோஸ்லின் என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போனது, வேறு சாதி, வேறு சாமி. அவர்களுடைய அப்பாவுக்கு, அய்யன் என்றுதான் இருவரும் கூப்பிடுவார்கள், அந்தப் பேச்சே காதில் விழவில்லை. ஒருநாள் மயிலாத்தாள் அய்யன் வீட்டுக்கு வந்திருந்தபோது திருமூர்த்தி பையோடு வந்து வாசலுக்கு வெளியே நின்று, அய்யனைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக் கேட்டான்.

“அய்யன் வரவேண்டாம்க்கா. நீ மட்டும் வந்து இணைச்சீர் செஞ்சு குடு. அது இல்லாம எப்படிக்கா?”

அவள் கை கேட்டின் தாழ்ப்பாள் மேல் இருந்தது. திரும்பி அய்யனைப் பார்த்தாள். அய்யன் நாற்காலியில் உட்கார்ந்து தக்காளிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து அவர் உத்தரவில்லாமல் வாசல் தாண்டிப் பழகாதவள் அவள், உத்தரவு வரும் என்று தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். திருமூர்த்தியும் நின்றான். பிறகு, சரிக்கா, போறேன் என்றான். போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை, போறேன் என்றான், அந்த ஒரு சொல்லின் குறையை அவள் இத்தனை வருஷமும் மென்றுகொண்டிருந்தாள். அய்யன் இறந்தபோதும் தம்பிக்குச் சேதி சொல்லலாம் என்று அவளுக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. உத்தரவு கொடுக்க வேண்டியவரே பாடையில் இருந்தார்.

புழுக்கள் நூற்காத சேதி கேட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நஸீரா பானு வந்தாள். சின்ன வயது, பெரிய படிப்பு, செருப்பைக் கழற்றிக் காலைக் கிருமிநாசினித் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் புழுமனைக்குள் நுழைந்தாள், அதிலேயே ஊருக்கு அவளைப் பிடித்துவிட்டது. கூட்டுப்புழு ஆகுமுன்பே செத்த ஒரு புழுவின் பட்டுச் சுரப்பியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். ஊர் சுற்றி நின்று கேட்டபோது ஒளிக்காமல் சொன்னாள்.

“புழு உடம்புல எந்த செல்லை எடுத்தாலும் பட்டு செய்யற பாடம் முழுசா உள்ள இருக்குங்க. கால்ல இருக்கு, தோல்ல இருக்கு, கண்ணுல இருக்கு. ஆனா அங்கெல்லாம் அந்தப் பக்கம் மூடியே கிடக்கும். சுரப்பியில மட்டும்தான் அதைத் தொறந்துவிட ஆள் உண்டு. அந்த ஆள் வந்து பாடத்துக்கு முன்னால உக்காந்தாத்தான் பட்டு வரும்.”

அப்ப உத்தரவுங்கறீங்க என்றார் பூசாரி சின்னமுத்து, வயிற்று நூலை ஒரு கையால் சுருட்டியபடி. நஸீரா கொஞ்சம் யோசித்து, அப்படியும் சொல்லலாம் என்றாள். அது போதுமாக இருந்தது. அவள் பாடம் என்று சொன்னது மரபணுவை; ஊருக்கு மரபணு என்பது செய்தித்தாள் சொல், உத்தரவு என்பது வீட்டுச் சொல். அவள் மேலும் சொன்னதை எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள்: சுரப்பியின் பின்பகுதியில் நூல் ஊறுகிறது, நடுப்பகுதியில் நூலை ஒட்டவைக்கிற பசை ஊறுகிறது, இரண்டுக்கும் உத்தரவு வேறு வேறு, நூல் ஊறும் இடத்தில் பசைப் பாடம் திறக்காது, பசை ஊறும் இடத்தில் நூல் பாடம் திறக்காது, நூல் நடுப்பகுதிக்கு வந்த பிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றன, தோலுரிக்கத் தூங்கும்போது இரண்டும் மூடிக்கொண்டு எழுந்த பிறகு மறுபடி திறக்கின்றன. இந்த முறை சுரப்பியில் இரண்டுமே திறக்கவில்லை. புழுவுக்கு வர வேண்டிய உத்தரவு மனிதர்களுக்கு ஏன் போனது என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள். படித்தவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதில் ஊருக்கு அவள்மேல் மரியாதை கூடியது. புறப்படும்போது அவளுடைய இடது தோளிலும் ஒரு நூல் இறங்கியிருந்தது, அந்தத் தோளில் தலைவைத்துத் தூங்கும் மகளை அவள் ஓசூரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, மழை வருமுங்களா என்று மட்டும் கேட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மயிலாத்தாள் அவளிடம் வந்தாள்.

“எல்லாத்துக்குள்ளயும் இருக்குதுன்னீங்களே. எனக்குள்ளயும் இருக்குமுங்களா?”

“இருக்கும்ங்கம்மா. இல்லாம இருக்காது.”

அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டதுபோல அவள் வீட்டுக்குப் போனாள். மூடிக் கிடக்கிறது, இல்லாமல் போகவில்லை. அவளுக்கு அன்றைக்கு அதுவே சாப்பாடாக இருந்தது. ஆனால் மூடிக் கிடப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் பார்க்கிறவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியும். தனியாகப் புழுமனையில் தண்டு அடுக்கும்போது அவள் தம்பியை வேண்டுமென்றே நினைத்துப் பார்ப்பாள், அவன் பால் பல் விழுந்த நாள், அவள் கல்யாணத்தன்று தூணைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை, சரிக்கா போறேன் என்றபோது தொங்கிய பை, எல்லாவற்றையும் நினைத்து நெஞ்சு வலிக்க வலிக்க நிற்பாள், நூல் வருகிறதா என்று பார்ப்பாள். வராது. ஒருவேளை ஊர் சொல்வதுதான் உண்மையோ, தான் நினைப்பதெல்லாம் வெறும் நடிப்போ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அது ஊர்ப் பேச்சைவிடக் கொடுமையாக இருந்தது.

இதற்கு நடுவில் வலது கை வேறு அவளைப் படுத்தியது. எதைத் தொட்டாலும் ஒட்டியது. டீ கிளாசை வைத்தால் கை கூடவே போனது, தாழ்ப்பாளைத் தொட்டால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது, சாமிக்குப் போட்ட பூ சாமியிடம் போகாமல் அவள் கையிலேயே நின்றது. மல்பெரி இலைப் பால் என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாள், மண்ணெண்ணெய் தடவினாள், பச்சைத்தண்ணீரில் தேய்த்தாள், போகவில்லை. அரிசி களையும்போது பாதி அரிசி கையோடு வந்துவிடுகிறது என்று நாட்ராயன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஊருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. அடுத்து வளர்த்த ஈட்டில் புழுக்கள் ஒழுங்காகக் கூடு கட்டின, சந்தைக்குக் கூடு போனது, அதில் குறையில்லை. ஆனால் மனிதர்களிடம் வந்த நூல் எதிலும் நிற்கவில்லை. கண்டில் சுற்றினால் நழுவியது, முடிச்சுப் போட்டால் முடிச்சே வழுக்கி அவிழ்ந்தது, சுவரில் போட்டால் இறங்கியது, ஊசியில் கோத்தால் ஊசி தனியாகவும் நூல் தனியாகவும் வந்தது. யாரை நினைத்து வந்ததோ அவர்களிடம் இதைச் சேர்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை, சேர்த்தால் நிற்கவில்லை. ராக்கியப்பன் ஒரு பந்தை உருட்டிக் கோயமுத்தூருக்குக் கூரியர் அனுப்பினார், கவர் போய்ச் சேர்ந்தது, நூல் வழியிலேயே நழுவிவிட்டது. தெருவெல்லாம் நூல் மிதந்தது, தவிட்டுக் குருவிகள் அதை எடுத்துக் கூடு கட்டப் பார்த்துத் தோற்றுப்போயின.

கார்த்திகையில் தாரணியின் புருஷன் கத்தாருக்குக் கிளம்பினான். காலை பஸ் வந்து நின்று டிரைவர் டீ குடிக்கிற நேரத்தில் அவள் தன் மணிக்கட்டு நூலை அவன் மணிக்கட்டில் கட்டினாள், அவிழ்ந்தது, மறுபடி கட்டினாள், அவிழ்ந்தது, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற வெட்கத்தைக்கூட விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பக் கட்டினாள். வண்டி எடுக்கும் நேரம் அவன் ஏறிக்கொண்டான், நூல் தரையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற மயிலாத்தாள் பாவம் என்று குனிந்து அதை எடுத்தாள். எடுத்த நூல் கையை விட்டு வரவில்லை. உதறினாள், வரவில்லை, இழுத்தாள், வரவில்லை. புழுக்களை மறுபடி பார்க்க அந்த பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த நஸீரா பானு அதைப் பார்த்து, பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“இது பசைங்கம்மா. பட்டுப் பசை. ஊரெல்லாம் நூல் திறந்திருக்கு, உங்களுக்குப் பசை திறந்திருக்கு.”

மயிலாத்தாளுக்கு உடனே விளங்கவில்லை, தாரணிக்கு விளங்கிவிட்டது. அக்கா, வந்து முடிச்சைத் தொடுங்கக்கா என்று அழுதாள். பஸ் நகர்ந்துவிட்டது. அப்போது பெரியநாயகம் நாலு விரலை நூலோடு வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார், இருபது வருஷத்துக்கு முந்திய பழைய விசில், டிரைவர் யோசிக்காமல் பிரேக் போட்டான். ஜன்னல் வழியாக நீண்ட புருஷன் கையில், ஒட்டியது போக மிச்ச நூலைத் தாரணி கட்டினாள், மயிலாத்தாள் முடிச்சின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். முடிச்சு நின்றது. பஸ் போனது, தாரணியின் மணிக்கட்டிலிருந்து நூல் விட்டுக்கொண்டே இருந்தது, தார்ரோட்டின் மேல் வெயிலில் மின்னியபடி அது உடுமலைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. பெரியநாயகம் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

டீக்கடையில் நஸீரா வெந்நீர் வாங்கி மயிலாத்தாளின் கையை அதில் வைக்கச் சொன்னாள். தண்ணீர் மெல்லக் கலங்கியது, விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. பச்சைத்தண்ணீருக்கு இது அசையாது, வெந்நீர் பட்டால் கரைந்துவிடும், நூற்பாலையில் கூட்டை வேகவைப்பது இதற்குத்தான் என்றாள். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி பிசுபிசுத்தது.

“இது எதுக்குங்க வருது?”

“நூலைப் பிடிக்கத்தான்ங்கம்மா. அதுக்கு வேற வேலையே கிடையாது.”

மயிலாத்தாள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தாள். கூறைப் பட்டின் தலைப்பைப் பிடித்திருக்க வேண்டிய கை. அதற்குப் பதிலாகத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற கை. நெஞ்சில் ஈரமில்லை என்று ஊர் சொன்னபோதெல்லாம் அந்த ஈரம் கையில் வந்து ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது, அவள் அதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், ராக்கியப்பன் மழையைப் பற்றிப் பேசினார்.

அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். ராக்கியப்பனின் நூலை ஒரு கம்மல் டப்பாவில் ஒட்டிக்கொடுத்தாள், அது கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தது, அவர் மனைவி பதிலுக்கு ஒரு வார்த்தையும் அனுப்பாமல் தானே பெட்டியோடு வந்து இறங்கிக் காதைத் திருகினாள். நினைத்த ஆள் உயிரோடு இல்லாதவர்கள் நூலைப் புளியமரத்தில் கட்டித்தரச் சொல்லிக் கேட்டார்கள், கட்டிக்கொடுத்தாள். பூசாரி மட்டும் வரவில்லை, கோழியின் காலில் கட்டினால் கேவலம் என்று நினைத்திருப்பார். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்ற பேச்சை ஊர் சத்தமில்லாமல் மறந்தது. ஊர்களுக்கு இப்படி மறக்க நன்றாகத் தெரியும்.

எல்லோர் முடிச்சையும் தொட்ட கைக்குச் சொந்தமாகப் பிடிக்க ஒன்றுமில்லை. திருமூர்த்தியின் விலாசம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், உடுமலையிலிருந்து திருப்பூர் ஒன்றும் காசி அல்ல, பஸ்ஸில் தூங்கி எழுந்தால் வந்துவிடும். மார்கழியில் ஒரு காலை மயிலாத்தாள் குளித்துவிட்டுக் கரைச்சாமி கோயிலுக்குப் போனாள். எங்கள் ஊரில் புழுமனையில் பல்லியைக் கண்டால் விளக்குமாற்றை எடுப்போம், புழுவைத் தின்றுவிடும். கோயிலில் கண்டால் கும்பிடுவோம், சாமியின் உத்தரவு அதன் வாயில்தான் வரும். கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் பல்லி சொன்னால்தான் ஆகும். தம்பியைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்தாள். பல்லி சுவரில் இருந்தது, அவளைப் பார்த்தது, பேசவில்லை. வெயில் ஏறியது. பூசாரி நடை சாத்த வேண்டும் என்று நின்றார், இன்றைக்கு வாய் திறக்காது போலிருக்கிறது, நாளைக்கு வந்து பார் என்றார்.

நாளைக்கு. அந்தச் சொல் எங்கேயோ போய் இடித்தது. அய்யன் தக்காளிக் காட்டிலிருந்து கண்ணை எடுப்பார் என்று நின்ற அன்றைக்கும் அவள் இப்படித்தான் ஒரு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த வாயும் இப்படித்தான் சும்மா இருந்தது. பாடையருகில் சொந்தக்காரர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் இப்படித்தான். மூடிக் கிடப்பதைத் திறக்க ஓர் ஆள் வந்து முன்னால் உட்கார வேண்டும் என்று நஸீரா சொன்னாளே, அந்த ஆள் வருவான் வருவான் என்று அவள் அரை ஆயுசு வாசலைப் பார்த்துவிட்டாள். கையோ யாரையும் கேட்காமல் ஐப்பசியிலேயே திறந்துகொண்டது. அவள் எழுந்து முந்தானையை உதறினாள்.

“அது சொல்லாட்டிப் போகுதுங்க” என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். பல்லி அப்போதும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் நாட்ராயனிடம், வண்டி ஓட்டுவீங்களா என்று மட்டும் கேட்டாள். அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் போய்க் கூடு ஏற்றிப்போகிற டெம்போவை யாரிடமோ இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பொங்கலூர் தாண்டி ஒரு மாட்டுக்காகப் பிரேக்கை மிதித்தபோது அந்த மனிதர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதை அவள் பார்த்தாள். வழி முழுக்க வலது கையைத் திறந்தபடி மடியில் வைத்திருந்தாள், எதிலும் படாமல்.

திருப்பூரில் ஒரு சந்துக்குள் வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்த பெண்ணை அவள் அதுவரை பார்த்ததில்லை, அந்தப் பெண்ணும் பார்த்ததில்லை, ஆனால் ரோஸ்லின் ஒரு நொடி முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்க அண்ணி என்று கதவை முழுக்கத் திறந்தாள். திருமூர்த்தி உள்ளே தரையில் உட்கார்ந்து சோற்றுத் தட்டை இடது கையால் பிடித்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. வலது கையில் பனியன் துணி சுற்றியிருந்தது. போன வாரம் வந்துபோனவளைக் கூப்பிடுவதுபோல, வாக்கா என்றான். பிறகு அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கையில என்ன கண்ணு?”

“ஐப்பசில இருந்துக்கா. தோல் வியாதின்னு கம்பெனில சொல்லி வெச்சிருக்கேன்.”

அவன் துணியை அவிழ்த்தான். உள்ளங்கை நடுவிலிருந்து நூல் இறங்கியது, வெள்ளையாக, ஈரமில்லாமல், தரைக்கு வந்து எதிலும் நிற்காமல் நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. எதுலயும் நிக்க மாட்டேங்குதுக்கா, சுத்தியும் பாத்துட்டேன், கட்டியும் பாத்துட்டேன் என்றான். மயிலாத்தாள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து வலது கையை நீட்டினாள். அவன் நூலின் முனையை எடுத்து, ஒரு கல்யாண மண்டபத்தில் கொடுத்திருக்க வேண்டியதை அந்தச் சிமெண்ட் தரையில் அவள் உள்ளங்கையில் வைத்தான். அது நின்றது. அவன் இழுத்துப் பார்த்தான், அவளும் இழுத்துப் பார்த்தாள், நின்றது. நாட்ராயன் செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றார், ரோஸ்லின் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

திருமூர்த்தி கேட்டான்.

“அய்யனும் இல்ல. ஆருக்கா உனக்கு உத்தரவு குடுத்தா?”

“ஆரும் குடுக்கல கண்ணு. கேட்டுட்டே இருந்தேன். இனிக் கேக்கறதில்லைன்னு வந்துட்டேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது, நூலும் கூடவே குலுங்கியது. ரோஸ்லின் அடுப்படிக்குப் போய்ச் சாப்பாடு எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்க ஒரு சொம்போடு வந்து நின்றாள். குளிராயிருக்குதேன்னு தண்ணி சுட வெச்சேன் அண்ணி, கை கழுவிட்டு வாங்க, ஒண்ணாச் சாப்பிடலாம் என்றாள்.

மயிலாத்தாள் வலது கையை நூலோடு நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சுடுதண்ணி வேண்டாம் கண்ணு” என்றாள். “பச்சத்தண்ணி போதும்.”